சைப்ரிட்டா, ஸ்டெம் செல்லா?

காரைக்குடியில் உயிர்தொழில்நுட்பம் படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, மைட்டோகாண்ட்ரியா நோய் நரம்பு செல்லை எப்படிக் கெடுக்குதுன்னு பார்க்க எதை எடுக்கட்டும்?" மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு; அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு. சோதனைக்கு சைப்ரிட், ஸ்டெம் செல் என்று இரண்டு வகை செல் இருக்கின்றன. அவளுக்குச் சொன்னதுதான் இது.

எப்படிச் செய்வது?
சைப்ரிட்: நோயாளியின் செல்லிலிருந்து கருவை (நியூக்ளியஸை) நீக்கி, அதை, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இல்லாத புற்றுநோய் செல்லோடு இணைப்பார்கள். 1989-லிருந்தே உள்ள முறை.
ஸ்டெம் செல்: ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2007-ல் காட்டிய வழியில் நோயாளியின் தோல் செல்லை, எந்த வகை செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கி, பிறகு நரம்பு செல்லாக வளர்ப்பார்கள்.

செலவும் பாடும்?
சைப்ரிட்: மலிவு, வேகமாகப் பெருகும்.
ஸ்டெம் செல்: அநேகமாகத் தினமும் கவனிக்கணும், நரம்பு செல்லாக வாரங்கள், மாதங்கள் ஆகும்.

எது உண்மைக்கு அருகில்?
இங்கேதான் எனக்கு ஸ்டெம் செல் பிடிக்கிறது. புற்றுநோய் செல் சர்க்கரையை நொதிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும். நரம்பு செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் முடியாது. அப்புறம், ஒரே செல்லில் நல்ல மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் பழுதானதும் பெரும்பாலும் கலந்திருக்கும். மெலாஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா நோய் உள்ள ஒருவரின் தோலிலிருந்தே பழுது மிகுந்த ஸ்டெம் செல் வரிசையும், பழுதே இல்லாத வரிசையும் கிடைப்பதுண்டு. கரு மரபணுக்கள் ஒன்றே என்பதால் ஒப்பிட அதைவிட நல்ல இணை ஏது? ஒரு குறை: வளர்த்த நரம்பு செல்கள் இளசாகவே இருக்கும்.

மைட்டோகாண்ட்ரியாவின் 37 மரபணுக்களில் ஒன்று பழுது, ஆற்றல் குறைகிறதா என்று மட்டும் பார்க்கணும் என்றால் சைப்ரிட் போதும். போல்ஜி (POLG) போன்ற, கருவில் இருக்கும் மரபணுவில் பழுது என்றால் சைப்ரிட் உதவாது. நோயாளியின் கரு அதில் இல்லையே. அதற்கும், நரம்பின் கிளை, மின்துடிப்பு பார்க்கவும் ஸ்டெம் செல்தான்.