தென்னந்தோப்பில் டிராக்டர் ஸ்லாஷர்: சில வருடம் ஓட்டிய அனுபவம்

ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மழை. தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியாக எட்டிப் பார்க்கும், ஐப்பசியில் வடகிழக்கும் வந்துவிடும். வருடத்தில் பாதி நாள் புல்லோடு மல்லுக்கட்டுதான். முன்பெல்லாம் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டினோம். அது புல்லோடு சேர்த்து மேலாகப் பரவியிருக்கும் தென்னை வேரையும் அறுத்துவிடும், அடுத்த மழைக்கு மேல்மண்ணும் கரைந்து போகும். அதனால் 5 அடி அகல ஸ்லாஷருக்கு மாறினோம். டிராக்டருக்குப் பின்னால் தூக்கி இறக்கும் லிங்கில் மாட்டி, பி.டி.ஓ. (என்ஜின் சுழற்சியை வெளியே தரும் பின்பக்கத் தண்டு) ஷாஃப்ட்டால் சுற்றவிடும் புல்வெட்டி இது.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் இரண்டு பக்கமும் வட்டப்பாத்தி போக நடுவில் 13 அடி கிடைக்கும். மூன்று நடை ஓட்டினால் ஒரு வரிசை முடிந்தது. நாயுருவி, பார்த்தீனியம், இடுப்பளவு புல் எல்லாம் தூளாகி அங்கேயே மூடாக்காக விழுகிறது. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்னால் வெட்டினால்தான் பலன், அப்போதும் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். கோரைக்கு இது மருந்தே இல்லை, கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. காய்ந்த மட்டையை இதில் விட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓட்டலாம்தான், ஆனால் அது மட்டையைத் துண்டு துண்டாக நறுக்கும் மல்ச்சர் செய்ய வேண்டிய வேலை. ஸ்லாஷர் மட்டையை வெட்டுவதைவிடத் தூக்கி எறிவதுதான் அதிகம்.

வாங்க நினைப்பவர்கள் என்னிடம் விலையைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, “உங்க டிராக்டர்ல சிங்கிள் கிளட்ச்சா, டூயல் கிளட்ச்சா?” பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. ஸ்லாஷருக்கு இதுதான் முக்கியம். சிங்கிள் கிளட்ச் வண்டியில் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச். நீங்கள் கிளட்ச்சை மிதித்ததும் என்ஜின் விலகிக்கொள்ளும், ஆனால் அடியில் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான கத்தித் தட்டு உடனே நிற்காது. அந்த வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து கியர் பாக்ஸைச் சுற்றும், டிராக்டர் தானாக முன்னால் போகும். மரத்துக்கு இரண்டடி முன்னால் நிறுத்தலாம் என்று மிதித்தால் மரத்தில் போய்த்தான் நிற்கும். வாய்க்கால் ஓரமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஓவர்ரன்னிங் கப்ளர் என்று ஒரு சாமான் இருக்கிறது. பி.டி.ஓ. தண்டில் மாட்டினால் சுழற்சியை ஒரு பக்கம்தான் விடும். எங்கள் வண்டி சிங்கிள் கிளட்ச் என்பதால் அதைப் போட்ட பிறகுதான் தோப்புக்குள் இறக்கினோம். ஸ்லாஷர் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

அடுத்தது ஷாஃப்ட். புதிதாக வந்து இறங்கியபோது ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறையே இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, “எல்லாரும் கழட்டித்தாங்க போட்டுர்றாங்க” என்றார். விடாமல் நச்சரித்து வாங்கினேன். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9. உறையில்லாத ஷாஃப்ட்டின் சுற்றளவு ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள், வினாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் துணியைச் சுருட்டிவிடும். நாலு முழ வேட்டி ஒரு வினாடி தாங்கினால் பெரிது. தோளில் போட்ட துண்டுக்கும் அதே கதிதான். எங்கள் தோப்பில் ஸ்லாஷர் ஓட்டுகிற அன்று டிராக்டர் பக்கம் வருகிற எல்லோருக்கும் பேன்ட்தான், லுங்கி கூடாது, துண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

கிளப்பும் முறையை ஓட்டுகிற தம்பி இப்போது என்னைவிட ஒழுங்காகச் செய்கிறான். முதலில் தோப்பை ஒருமுறை நடந்து பார்ப்பான். கல், குரும்பை, விழுந்த தேங்காய், எல்லாவற்றையும்விடச் சொட்டுநீர்க் குழாயும் பழைய கம்பியும். குழாய் கத்தித் தட்டின் அச்சில் நூல்கண்டு போலச் சுற்றிக்கொண்டால், கியர் பாக்ஸின் ஆயில் சீல் போகிற வரை வெளியே தெரியாது. பிறகு ஸ்லாஷரைத் தரையை ஒட்டி இறக்கி, என்ஜினைக் குறைந்த ஓட்டத்தில் வைத்து பி.டி.ஓ.வைப் போடுவான். “அண்ணா, போட்டாச்சுங்க, ஆளுங்களத் தள்ளிப் போகச் சொல்லுங்க” என்று குரல் வரும். அதற்குப் பிறகுதான் ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றி, மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவான். முழு ஓட்டத்தில் வைத்துக்கொண்டு பி.டி.ஓ.வைத் தட்டினால் ஷியர் போல்ட் (கியர் பாக்ஸைக் காக்க, பளு கூடினால் தான் முறிந்துகொள்ளும் போல்ட்) அப்போதே முறியும், அல்லது ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் போகும்.

அந்த வேகத்தில் கத்தி முனை மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கையளவு கல் ஒன்று அதில் பட்டால் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் தொங்குகிற சங்கிலித் திரையைப் புல் சிக்குகிறது என்று கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தோப்புப் பக்கம் நான் நடப்பதில்லை. மட்கார்டில் ஒருவரை உட்கார வைத்து ஊர்க்கதை பேசிக்கொண்டு ஓட்டுவது நம் பக்கத்து வழக்கம். ஒரு வரப்பில் ஏறி இறங்கும்போது அவர் நழுவினால் பின்சக்கரம், அதையும் தாண்டினால் ஸ்லாஷர். மாடு மேய்க்கிறவர் வரிசைக்குள் வந்தாலும் பி.டி.ஓ. நிற்க வேண்டும். இதில் எனக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் இன்னும் மனஸ்தாபம் இருக்கிறது.

ஸ்லாஷர் கிட்டத்தட்ட 300 கிலோ கனம். தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. முன்னால் எடைக்கட்டி போட்ட பிறகு பரவாயில்லை.

நிறுத்திய பிறகும் கத்தி கொஞ்ச நேரம் சுற்றும். பி.டி.ஓ.வை எடுத்து, என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, சத்தம் முழுதும் அடங்கிய பிறகே கீழே குனிகிறோம். ஹைட்ராலிக்கில் தூக்கி நிற்பதை நம்பி யாரும் அடியில் கையை விடுவதில்லை. என்ஜின் ஓடாவிட்டாலும், யாராவது லிவரைத் தட்டினால் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் தென்னந்துண்டு அண்டை கொடுத்துத்தான் வேலை.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. கிராஸுக்கு கிரீஸ், கியர் பாக்ஸுக்கு 90 நம்பர் ஆயில், கத்தி நட்டு முறுக்கு. ஷியர் போல்ட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அடிக்கடி முறிகிறதே என்று பட்டறைக்காரர் கெட்டியான ஹைடென்சில் போல்ட் போட்டுத் தருவார். போல்ட் முறியாது, அடுத்த அடிமரத்தில் கியர் பாக்ஸ்தான் உடையும். கம்பெனி சொன்ன அளவிலேயே பத்திருபது வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். கத்தியை மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் எடை ஒத்துப்போகாமல் உதறல் எடுத்து பேரிங்கைத் தின்றுவிடும்.