பூட்டிய வீடுகளும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கும்

வாப்பா (அப்பா) மௌத்தான, அதாவது இறந்த, பிறகு வீட்டு வரியை உம்மா பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஷார்ஜாவில் இருந்தபடியே ஆவணங்களை இணையத்தில் ஏற்றிவிட்டு வந்தேன். ஊரில் இறங்கிய வாரத்திலேயே ஆணை கைக்கு வந்துவிட்டது. யாரும் கை நீட்டவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊர் அலுவலகங்களைப் பற்றி நாம் அறைத் தோழர்களிடம் சொல்லித் திரியும் பழைய கதைகள் பல இன்று பொருந்துவதில்லை. பயணமும் அப்படித்தான். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நால்வழிச் சாலை. பாம்பனில் 1914-ஆம் ஆண்டுப் பாலம் ஓய்ந்துவிட்டது. அதன் அருகே 2025 ஏப்ரலில் திறந்த தூக்குப் பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறது.

சிக்கல் தண்ணீரில் தொடங்கியது. லாத்தாவின் (அக்காவின்) புது வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு கேட்டோம். அந்தத் தெருவரை குழாயே வரவில்லை என்றார்கள். குழாய் இருக்கும் பழைய தெருக்களிலும் சில நாள் விட்டுச் சில நாள்தான் தண்ணீர். குளிக்க லாரித் தண்ணீர், சமைக்கத் தள்ளுவண்டிக் குடம், குடிக்க கேன் என்று ஒரே வீட்டில் மூன்று தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறார்கள். இராமநாதபுரம் கடற்கரை முழுக்க இதே கதை என்பதால் ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தத் தெருக்கள் எப்படி முளைத்தன என்பது எங்களுக்குத் தெரியும், அவை எங்கள் பணத்தில் முளைத்தவை. எங்கள் பக்கத்து மரைக்காயர் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மூன்று பெண்கள் என்றால் மூன்று வீடு. முன்பு இருக்கிற வீட்டையே சுவர் வைத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். வளைகுடாப் பணம் வந்தபின் தென்னந்தோப்பும் பனங்காடும் மனைகளாயின. குழாய்க்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் இடம் விட வேண்டும் என்று மனை பிரித்தவரும் நினைக்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. கட்டி முடித்த வீடுகளில் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன.

மணலுக்கு அடியில் நடப்பதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருகிறது. இந்தக் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்பது மணலில் இறங்கிய மழைநீர். கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மேலாக ஊற்றுத் தோண்டி அள்ளியவரை அது நீடித்தது. ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் இழுத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். கூடவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கழிவுத் தொட்டி. பலவற்றுக்கு அடித்தளம் பூசுவதில்லை. ‘மணல் இழுத்துக்கொள்ளும்’ என்கிறார்கள் கொத்தனார்கள். இழுத்துக்கொண்டது அடுத்த வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகிறது.

இதையெல்லாம் கவனிக்க வேண்டியவர் யார் என்று எங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டேன். லாத்தாவோடு படித்தவர். “காக்கா (அண்ணா), தண்ணீர் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. மேலிருந்து எவ்வளவு விடுகிறார்களோ அதைத்தான் நாங்கள் பிரித்துத் தர முடியும். சாலை ஒரு துறை, விளக்குக் கம்பம் ஒரு துறை. தெருவில் என்னைத்தான் நிறுத்திக் கேட்கிறார்கள்” என்றார். அவர் சொன்னது சாக்கு அல்ல. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உரியவை என 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. போதாததற்கு, தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தாம் நிர்வகித்தார்கள். லாத்தாவின் தெருவில் மனை பிரித்ததும் அந்த ஆண்டுகளில்தான். தட்டிக் கேட்க உறுப்பினரும் இல்லை, முறையிட மன்றமும் இல்லை.

அடுத்தது தலைக்கணக்கு. உள்ளாட்சிகளுக்கான மானியப் பங்கீட்டில் மக்கள்தொகைக்குத்தான் பெரிய இடம். கையில் இருப்பதோ 2011 கணக்கெடுப்பு. 2021-இல் எடுக்க வேண்டியது 2027-க்குத் தள்ளிப்போயிற்று. இராமேசுவரத்தை எண்ணிப் பாருங்கள். 2011 கணக்கில் ஏறத்தாழ 45,000 பேர் கொண்ட ஊர் அது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் கூடும் கூட்டத்துக்குத் தண்ணீரும் கழிப்பறையும் குப்பை வண்டியும் அந்தச் சிறு நகராட்சிதான் தர வேண்டும். யாத்திரிகர்கள் அங்கே குடியிருப்பவர்களாக எண்ணப்படுவதில்லை. எங்கள் பூட்டிய வீடுகளிலும் எண்ணுவதற்கு ஆள் இல்லை. ஆனால் விடுமுறைக்கு வந்தால் எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும், குப்பையும் அள்ளப்பட வேண்டும். விடியற்காலையில் இரண்டு தூய்மைப் பணியாளர்கள், அதுவும் ஒப்பந்தக் கூலிக்கு, பல தெருக்களின் குப்பையை ஒரே வண்டியில் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது.

வரியைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். 2022-இல் சொத்து வரியைக் கூட்டினார்கள். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 100 விழுக்காடும். எங்கள் வெளிநாட்டுக் குழுக்களில் அன்று எழுந்த கோபம் நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. பளிங்குத் தரை போட்ட வீட்டுக்கு நாம் ஆண்டுக்குக் கட்டும் வரி, அதே வீடு லாரித் தண்ணீருக்குச் சில மாதங்களில் கொடுக்கும் தொகைக்கு ஈடாகாது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதுதான் முறை. கேட்பதற்கு இடமும் வந்திருக்கிறது. வார்டு தோறும் குடியிருப்போர் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கியிருக்கின்றன. எங்கள் வார்டில் அதைப் பற்றித் தெரிந்தவர்களே குறைவு.

புறப்படுவதற்கு முன் ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாக) பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டேன். வெளிநாட்டுச் சங்கங்கள் தெருவுக்கு ஒரு ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பு) இயந்திரம் என்று தனித்தனியாகச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் சேர்வோம். வேலையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை நாம் தந்தால் மீதியை அரசு தரும். மழைநீர் தேங்கும் பழைய ஊருணியைத் தூர்வாருவதானால் நம் பங்கு பாதி. ஊருணியை முதலில் எடுப்போம், பிறகு புதுத் தெருக் குழாய் என்றேன். ஊருணிக்குச் சம்மதித்தார்கள். குழாய்க்கு, “போட்டபின் அதைப் பராமரிக்க நகராட்சியில் ஆள் இருக்கிறதா தம்பி?” என்று திருப்பிக் கேட்டார் ஒரு பெரியவர். அந்தக் கேள்வியை எழுத்தில் கொடுக்கும்படி லாத்தாவிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த பகுதி சபையில் அவள் அதைப் படிப்பாள்.