ஏற்காட்டுக்கு ஒற்றை லென்ஸா, ஜோடியா?

சோனி ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவோடு சேலத்திலிருந்து அடிக்கடி ஏற்காடு ஏறுபவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, டாம்ரான் 18-300 மி.மீ. ஜூம் லென்ஸ் (எண் கூடக் கூடத் தூரத்துக் காட்சி பெரிதாகும்), 620 கிராம். மற்றது, சோனி 18-135, 70-350 ஜி என்ற ஜோடி. 325-ம் 625-ம் சேர்த்து 950 கிராம். நான் எடுத்தது டாம்ரான். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கூர்மையில் ஜோடிக்குத்தான் வெற்றி, பேச்சே இல்லை. 300 மி.மீ.-இல் டாம்ரான் கொஞ்சம் மழுங்கும், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தால் தேறும். லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்தின் இரவு விளக்குகளுக்கு டிரைபாட் இருந்தால் எதுவும் போதும். காப்பிப்பூவுக்கு டாம்ரான் ஒரு படி மேல்: 18-இல் 15 செ.மீ. நெருங்கலாம், 1:2 உருப்பெருக்கம், அதாவது சென்சாரில் பூவின் நிஜ அளவில் பாதி விழும். ஆனால் அந்த 15 சென்சாரிலிருந்து அளப்பது. லென்ஸ் முகப்புக்கும் பூவுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட மிஞ்சாது. லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூடைக் கழற்றிவிட்டு, நம் நிழல் விழாத பக்கமாக நிற்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஈரம். பனிமூட்டத்துக்குள் லென்ஸ் மாற்றினால் சென்சாரும் இரண்டு லென்ஸின் பின்கண்ணாடியும் திறந்து கிடக்கும். ஒற்றை லென்ஸில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக ஈரமே ஏறாது என்றில்லை. ஜூமை நீட்டும்போதெல்லாம் குழல் காற்றை உள்ளே இழுக்கும். 300-க்கு நீட்டிய குழலைப் பாருங்கள், மேலே பொடிப்பொடியாக நீர்முத்து. அதைத் துடைக்காமல் மடக்கினால் சீல் ஓரமாகத் தண்ணீர் உள்ளே போகும். முதலில் துணி, அப்புறம் மடக்கு.

ஏசி காரில் வந்தால் கடைசிச் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஏசியை நிறுத்திக் கார் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும். வியர்த்துவிட்டால் ஜூமைத் தொடாதீர்கள், தானாகத் தெளியட்டும். வீட்டுக்கு வந்ததும் முழுக்க நீட்டி, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம். பிறகு ரப்பர் வளையம் வைத்த டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. 40-50 சதவீதத்தில் நிற்கட்டும். அதிகமானால் பூஞ்சை, ரொம்ப வறண்டாலும் உள்ளிருக்கும் கிரீஸுக்கு ஆகாது. நீலச் சிலிக்கா இளஞ்சிவப்பானால் மறுபடி சூடாக்கலாம், ஆனால் சமையல் வாணலியில் வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நச்சு.

விற்கும்போதும் இதுதான் பேசும். வாங்குபவர் பின்பக்கம் டார்ச் அடிப்பார். சிலந்தி நூல்போல ஒரு பூஞ்சை இழை தெரிந்தால் பேரம் அங்கேயே சரியும். ஜோடி என்றால் இந்தப் பராமரிப்பு எல்லாம் இரட்டிப்பு, ஃபில்டர்கூட 55, 67 மி.மீ. என இரண்டு அளவு.

பறவைதான் குறி என்றால் மட்டும் என் பேச்சைக் கேட்காதீர்கள். 70-350 வாங்கி, அதைக் கேமராவிலிருந்து கழற்றாமலே மலையேறுங்கள்.