கிறீஸ் காணாத போல்ட்: வன்னிக் கிறவலில் ஒரு 100 சிசி வண்டி

மாங்குளத்தில் ஒரு 2018 100 சிசி மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு நிற்கிறது, விலையும் இறங்கியிருக்கிறது, எடுக்கலாமோ என்று நண்பர் கேட்டிருந்தார். அதே வகை, அதே ஆண்டு வண்டிதான் இங்கே கிறவல் ரோட்டிலும் வயல் வரம்பிலும் தினமும் ஓடுகிறது. எஞ்சின், கியர், இருக்கை பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எழுத வேண்டியது பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்மைச் செசியோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) பிணைக்கிற அந்த ஒற்றை நீளப் போல்ட்டைப் பற்றி.

முதலில் வண்டிக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். லீற்றருக்கு 60 கிலோமீற்றருக்குக் குறையாது. 50 கிலோ உர மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுப் பாதையில் போனாலும் எஞ்சின் திணறாது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் திரும்பத் திறக்கும்வரை வன்னியில் வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடியவை இப்படியான பழைய வண்டிகள்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. இவ்வளவு உழைக்கிற வண்டிக்குத் தொழிற்சாலையில் இரண்டு தேக்கரண்டி கிறீஸ் பூசக் கை வரவில்லை. சேவை அட்டவணையில் ஒயில் இருக்கிறது, செயின் இருக்கிறது, வால்வு இருக்கிறது. சுவிங் ஆர்ம் போல்ட்டைக் கழற்றிப் பூசு என்று ஒரு வரி இல்லை. வெளியிலிருந்து கிறீஸ் ஏற்றும் நிப்பிளும் இல்லை.

இந்த வகை வண்டிகளில் சுவிங் ஆர்மின் இரண்டு பக்கமும் றப்பர் புஷ் இருக்கும். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், இரண்டையும் ஒட்டிப் பிடிக்கும் றப்பர் நடுவில். நட்டை இறுக்கினால் உள்குழாய் செசித் தகடுகளுக்கு இடையே நெரிபட்டு அசையாமல் நிற்கும். சில்லு ஏறி இறங்கும்போது முறுகுவது றப்பர் மட்டும்தான், போல்ட் சுழல்வதில்லை. சுழலாத போல்ட்டுக்கு எதற்குக் கிறீஸ் என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். இங்கே கிறீஸின் வேலை தண்ணீரை மறிப்பது. போல்ட்டுக்கும் உள்குழாய்க்கும் இடையில் மயிரிழை அளவுதான் வெளி. அகன்ற இடத்தில் தண்ணீர் வடிந்துவிடும். மயிரிழைக்குள் உறிஞ்சப்பட்டு அங்கேயே நின்றுவிடும். இரும்பு கறளாக மாறும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கிறது. வெளி அடைபட்டதும் போல்ட்டும் குழாயும் ஒரே உடம்பாகிவிடும்.

அப்படி இறுகியதைச் சுத்தியலால் அடித்தால் அடி போல்ட்டில் இறங்காது. றப்பர் அதை வாங்கித் திருப்பி எறிந்துவிடும். நாலைந்து அடிக்குள் மரையுள்ள நுனி காளான் போல விரியும், விரிந்த நுனி செசித் துளைக்குள்ளால் இனி வராது. "தம்பி, இனி வெட்டத்தான் வேணும்" என்று கராஜில் சொல்வது அப்போதுதான். அதற்காக மெக்கானிக்கைத் திட்டுவது நியாயமில்லை. ஐந்தாறு வருடம் யாரும் தொடாத போல்ட்டை அவரிடம் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் கழற்றித் தரச் சொல்கிறோம்.

வன்னியில் இது சீக்கிரம் வரக் காரணம் உண்டு. கோடையில் கிறவல் தூசு மா மாதிரிப் போல்ட் தலையைச் சுற்றி அப்பிவிடும். ஐப்பசி மழை விழுந்ததும் அது சேறாகி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சேற்றைக் கழுவச் சேர்விஸுக்கு விட்டால் அழுத்தத் தண்ணீரை நேரே போல்ட் தலைக்கு அடிக்கிறார்கள். மழையால் உள்ளே நுழைய முடியாத இடத்துக்கும் அது தண்ணீரைத் தள்ளிவிடும். முல்லைத்தீவுக் கரையில் மீன் விற்கிறவர்களின் வண்டியை ஒருமுறை குனிந்து பாருங்கள். பின்னால் கட்டிய றெஜிபோம் பெட்டியின் மூலையால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டுகிறது. அது செசிக் குழாய் வழியே முன்னுக்கு இறங்கி நட்டைச் சுற்றித் தேங்குகிறது. காய்ந்தபின் அங்கே வெள்ளையாய் ஒரு வளையம், வளையத்துக்குள் செம்மஞ்சள் கறள். கடல் பக்கமே போகாத வயல்காரரும் தப்ப முடியாது. எம்ஓபி உரம் பொட்டாசியம் குளோரைட், கறி உப்பைப் போல அதுவும் குளோரைட் உப்புத்தான். சாக்கிலிருந்து சிந்திய தூள் மழையில் கரைந்தால் இரும்பை அது கடல் தண்ணீர் மாதிரியே தின்னும்.

தடுக்கும் வேலை ஒரு காலை நேரத்து வேலை. பின் சில்லைக் கழற்ற வேண்டும் என்ற பயத்தில் பலர் தொடுவதில்லை, ஆனால் சில்லைக் கழற்றவே தேவையில்லை. வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, பின் ரயருக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து ஆர்மின் பாரத்தைத் தாங்கவிடுங்கள். செயினைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பிறகு நட்டை, அது போல்ட் நுனியோடு மட்டமாக வரும்வரை திருப்புங்கள். நுனி மரைக்கு அதுவே காவல். உடனே அடிக்க வேண்டாம். தலையில் ஸ்பனரைப் போட்டு (பெரும்பாலும் 17 அல்லது 19 மில்லிமீற்றர்) முன்னும் பின்னும் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். வழுவழுவென்று சுழன்றால் நல்லது. கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே துள்ளி வந்தால் போல்ட் இறுகிவிட்டது, திரும்பியது றப்பர்தான்.

சுழல்கிற போல்ட்டைப் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டி நகர்த்தி, நட்டைக் கழற்றிவிட்டு, பின்னாலேயே அதே விட்டமுள்ள ஒரு கம்பியால் தள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 12 மில்லிமீற்றர் சரிவரும். வழுவழுப்பான கம்பியாக இருக்க வேண்டும், கொங்கிறீற் முறுக்குக் கம்பி குழாயைக் கீறிவிடும். போல்ட் வெளியே வரும், கம்பி அதன் இடத்தில் நிற்கும், ஆர்ம் விலகாது.

வெளியே வந்த போல்ட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். புஷ் இருந்த இரண்டு இடமும் மினுங்கும். நடுப்பகுதி, இரண்டு புஷ்ஷுக்கும் இடையில் வெறும் குழாய்க்குள் கிடந்த பகுதி, புளியமரப் பட்டை மாதிரிச் செதில் செதிலாக இருக்கும், விரலால் தேய்த்தால் செங்கல் தூள் உதிரும். தண்ணீர் வந்து தங்குவது அங்கேதான். மினுங்கும் இடத்தில் நகம் தடக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், நட் எப்போதோ தளர்ந்து உள்குழாய் போல்ட்டின் மேல் உரசிச் சுழன்றிருக்கிறது. அந்தப் போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

மற்றபடி 400ஆம் இலக்க மண் தாளும் மண்ணெண்ணெயும் போதும். கம்பியை எடுத்துவிட்டு, துணி சுற்றிய குச்சியைக் குழாய்க்குள் ஓட்டி, துணியில் செம்மண் நிறம் வராமல் போகும்வரை துடையுங்கள். காயவிடுங்கள். மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் கிறீஸ் ஒட்டாது.

கிறீஸ் மொத்தம் 10 முதல் 15 கிராம். போல்ட்டில் மட்டும் பூசிச் செருகினால் குழாய் வாயிலேயே முழுவதும் வழிக்கப்பட்டு வெளியே வந்துவிடும். ஆகவே முதலில் விரலால் குழாயின் இரண்டு வாய்க்குள்ளும் பூசி, பிறகு போல்ட்டில் நகக் கனத்துக்கு, நடுப்பகுதியில் இன்னும் தடிப்பாக. மரையில் பூசாதீர்கள், வழுக்கும் மரை அதே இழுவைக்கு அளவுக்கு மீறி இறுகும். றப்பரில் பட்டதைத் துடைத்துவிடுங்கள், பெற்றோலியக் கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். சாதாரண லிதியம் கிறீஸ் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். கல்சியம் கிறீஸ் தண்ணீருக்கு இன்னும் நன்றாக நிற்கும். கரையோரத்தில் இருப்பவர்கள் படகு எஞ்சினுக்குப் பூசும் மறைன் கிறீஸையே எடுக்கலாம், உப்புத் தண்ணீருக்கென்றே செய்தது.

இறுக்குவதில் ஒரு பிழை எல்லா இடத்திலும் நடக்கிறது. ஸ்ராண்டில் நிற்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கிவிடுகிறார்கள். அப்போது ஆர்ம் தொங்கிய நிலையில் இருக்கிறது, உள்குழாய் அந்த நிலையில் பூட்டப்படுகிறது. ஆள் ஏறியதும் றப்பர் எந்நேரமும் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழியும். வண்டியை நிலத்தில் இறக்கி, ஒருவரை ஏறி இருக்கச் சொல்லிவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். உள்ளே நைலோன் வளையம் வைத்த நட் கையாலேயே கடைசிவரை ஓடினால் அதன் காலம் முடிந்தது. தண்ணீர் போகாமல் இருக்க நட்டுக்குக் கீழே சைக்கிள் ரியூப் வெட்டி வைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். றப்பர் நசிய நசிய நட் தளரும். தலையையும் நட்டையும் சுற்றி வெளியே தடிப்பாகக் கிறீஸ் அப்பினால் போதும்.

புரட்டாசியில் ஒருமுறை, காலபோக மழைக்கு முன். மீன் ஏற்றும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஏற்கெனவே இறுகியதற்கு முதல் மருந்து பொறுமை. கறள் இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் காலை மாலை மூன்று நாள் விட்டு, ஒவ்வொரு முறையும் தலையை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுழலாதவரை சுத்தியலைத் தொடவேண்டாம். பிறேக் எண்ணெய் விட்டால் பெயின்ற் உரியும். காஸ் சுடர் பிடித்தால் றப்பர் எரியும், மேலே பெற்றோல் தாங்கி இருப்பதையும் மறக்கக் கூடாது. ஒன்றுக்கும் அசையாவிட்டால் ஆர்முக்கும் செசிக்கும் இடையிலுள்ள இடுக்கில் இரண்டு பக்கமும் வாளால் அறுத்து, புஷ்ஷோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

கனடாவில் குவாட் (நாலு சில்லு மோட்டார் சைக்கிள்) வைத்திருக்கும் உறவுகளுக்கும் இதே தலையிடி உண்டு. அங்கே பல வண்டிகளில் றப்பருக்குப் பதில் ஊசி பெயாரிங், ஆர்ம் அலுமினியம். இரும்புப் போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம், செம்புத் தூள் கலந்த கிறீஸைப் பூசினால் அந்த அரிப்பு இன்னும் அதிகமாகும்.

இனி நண்பரின் கேள்வி. கணக்குப் பார்த்தால் எடு என்றுதான் வரும். மேலே எழுதிய நியாயமெல்லாம் உண்மைதான். ஆனாலும் இரண்டு தேக்கரண்டி கிறீஸில் கஞ்சத்தனம் பிடித்த ஒரு வண்டியை எடு என்று சொல்ல இன்றைக்கு வாய் வரவில்லை. போவதென்றால், மச்சான், 17உம் 19உம் கொண்டு போ. விற்கிறவரிடம் கேட்டுவிட்டு நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்து, தலையைத் திருப்பிப் பார். சுழன்றால் திரும்ப இறுக்கிவிட்டு அவர் சொன்ன விலையைக் கொடு. துள்ளி வந்தால் ஒரு போல்ட், இரண்டு புஷ், ஒரு நாள் கராஜ் கூலி, அவ்வளவையும் குறைத்துக் கேள்.