புட்டி: தொலைவுச் சர்வருக்கு ஒரு நம்பகமான வாயில்

கம்பத்தில் ஏலக்காய் வணிகர்களின் கணக்குகளைத் தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில் பராமரிக்கும் எனக்கு, விண்டோஸ் கணினியிலிருந்து அந்தச் சர்வரோடு இணைந்து கட்டளையிட உதவும் புட்டி (PuTTY) மென்பொருளே நாள்தோறும் கைகொடுக்கிறது. சைமன் டாத்தம் உருவாக்கி 1999இல் வெளியிட்ட இந்த இலவச மென்பொருளில், சர்வரின் முகவரியையும் எஸ்எஸ்எச் (SSH) எனும் மறையாக்க இணைப்புக்கான 22 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் கட்டளைகளைத் தட்டச்சிடும் கறுப்புத் திரை திறந்துவிடும். முதன்முறை இணையும்போது அது காட்டும் சர்வர் சாவியின் கைரேகையை, அதாவது சர்வரை அடையாளம் காட்டும் எழுத்துக் கோவையை, நிர்வாகி தந்ததோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும்; போலிச் சர்வரிடம் கடவுச்சொல்லைப் பறிகொடுக்காமல் காப்பது அந்த ஒப்பீடுதான் என்பதால், இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

குமுளி மலைச்சாலையில் சிக்னல் தடுமாறும். சும்மா இருக்கும் இணைப்பு துண்டிக்கப்படாமலிருக்கக் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கப் புட்டி அனுப்பும் சிறு செய்தி) இடைவெளியை 30 விநாடி என அமைக்கலாம். சிக்னலே போய்விட்டால் அதுவும் உதவாது, ஆகவே நெடுநேரம் ஓடும் கட்டளையைச் சர்வரிலேயே டிமக்ஸ் (tmux: இணைப்பு அறுந்தாலும் கட்டளையைத் தொடர்ந்து ஓடவைக்கும் மென்பொருள்) அமர்வுக்குள் தொடங்குவதே பாதுகாப்பு.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls), அடைவு (கோப்புறை) மாறும் சிடி (cd) போன்ற கட்டளைகள் விரைவில் பழகிவிடும். ஆர்எம் (rm) கட்டளை அழித்த கோப்பைத் தேடக் குப்பைத்தொட்டி கிடையாது என்பதால், அதற்கு முன் பிடபிள்யூடி (pwd) கொடுத்து, எந்த அடைவில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்வது அவசியம். வலது சொடுக்கில் உரை ஒட்டப்படுவது பெரும் வசதி. கடவுச்சொல்லுக்குப் பதில் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் சாவிக்கோப்பைப் புட்டிஜென் என்ற துணைக்கருவி வழியாகப் புட்டிக்குரிய பிபிகே (.ppk) வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருப்பது மட்டுமே எனக்குக் குறையாகப் படுகிறது.