ஊசி மீற்றரைக் காட்டி "தரை காஞ்சிருச்சு" என்றால் நம்பாதீர்கள்

நுவரெலியாப் பக்கம் வீட்டுக்கு லேமினேட் பலகை போடக் கொடுத்து ஏமாந்த கதை இது. கொங்கிரீட்டுக்கு மேல் தரையை மட்டமாக்கும் 50 மி.மீ. சிமெந்துச் சாந்துப் படை, அதாவது ஸ்கிரீட், போட்டு நாலு கிழமைகூட ஆகவில்லை. கொந்தராத்துக்காரர் ஈரம் பார்க்கும் ஊசி மீற்றரைத் தரையில் குத்தினார். திரையில் 12. "நல்லா காஞ்சிருச்சுங்க, போட்டுறலாம்" என்றார். ஈரச் சோதனை என்று பில்லிலும் ஒரு தொகை ஏறியது.

அந்த 12 மரத்துக்கான அளவு. சிமெந்தில் அதற்கு அர்த்தமில்லை. எந்த மூலையில் ஈரம் கூட என்று தேட மட்டும் உதவும். அதுவும் மேல்தோலைத்தான் பார்க்கும். முதல் நாள் இரவே ஹீட்டர் வைத்து அந்தத் தோலைக் காய வைத்திருந்தார்கள். பலகையால் மூடியதும் அடியில் கிடந்த ஈரம் மேலேறிப் பரவியது. பொருத்துகள் உப்பின. ஒரு பலகையைக் கழற்றினால், கீழ் விரிப்பின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி. "பலகை கொம்பனியில கேளுங்க" என்பதோடு ஆள் போனை எடுப்பதில்லை.

கணக்கு இதுதான். முதல் 7 நாள் ஸ்கிரீட்டை மூடி ஈரமாக வைக்க வேண்டும். அது காயும் நாளில் சேராது. அதன்பின் ஒரு மி.மீ.க்கு ஒரு நாள், அதாவது 50 நாள். அதுவும் 20 பாகை வெப்பமும் காற்றில் 60 வீத ஈரப்பதமும் இருந்தால். ஆனி, ஆடி மூடுபனியில் இந்தக் கணக்கு செல்லாது. 50 மி.மீ.க்கு மேல் தடிப்பு கூடினால் இன்னும் மெதுவாகும். ஹீட்டர் போட்டு அவசரப்படுத்தினால் ஓரம் சுருண்டு வெடிக்கும்.

ஆழத்தில் அளக்கச் சொல்லுங்கள். மேற்பக்கம் மட்டும் காயும் தரையில் தடிப்பின் 40 வீதம், நமக்கு 20 மி.மீ., துளையிட்டு, குழாய் செருகி மூடி, ஒரு நாளாவது விட்டு, உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை உணரியால் பார்க்க வேண்டும். 75 வீத ஈரப்பதத்துக்கு மேல் என்றால் பலகை கூடாது. கார்பைட் சோதனையும் உண்டு: ஸ்கிரீட்டின் அடிவரை வெட்டியெடுத்த துண்டைப் பொடித்து, எடை பார்த்து, மூடிய குப்பியில் கார்பைட்டோடும் இரும்புக் குண்டுகளோடும் குலுக்கி, எழும் வாயுவின் அழுத்தம் பார்ப்பது. சிமெந்து ஸ்கிரீட்டுக்கு 2 வீத ஈரம்தான் எல்லை. அதில் வரும் அசற்றிலின் வாயு தீப்பிடிக்கும், பீடியோடு கிட்டே போக வேண்டாம்.

18 அங்குலப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி 16 மணித்தியாலம் வைப்பது செலவில்லாத வழி. வியர்த்தால் ஈரம் நிச்சயம். வியர்க்காவிட்டால் காய்ந்தது என்று ஆகாது, குளிர் ஊரில் சுத்தமாக ஆகாது.

மேட்டை வெட்டிக் கட்டிய வீடென்றால் கொங்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரித்தார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் மண்ணின் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மேலே எபொக்சி ஈரத்தடை பூசாமல் பலகைக்குக் காசு கொடுக்காதீர்கள்.