‘முழு 105’ என்று விற்கப்பட்ட ரோடு பைக்: மலைப்பக்கம் இருப்பவர்கள் பல் எண்ணாமல் பணம் கொடுக்க வேண்டாம்

போடிநாயக்கனூரில் இருந்துகொண்டு போடிமெட்டு மலைச்சாலையில் சைக்கிளில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்து, மலைக்கு அந்தப் பக்கம், எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள ஒரு கடையில் 74,500 ரூபாய்க்கு நான் வாங்கிய ரோடு பைக், அந்த ஆசைக்குச் சற்றும் பொருந்தாத வண்டி என்பது வாங்கிய ஒன்பதாம் நாள் தெரிந்தது. புகார் இப்போது நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. கம்பம், கூடலூர், செங்கோட்டைப் பக்கமிருந்து மலை தாண்டிப் போய் ‘அங்கே விலை குறைவு’ என்று வாங்க நினைப்பவர்களுக்கு, ஏமாற்று எந்த இடத்தில் நடந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றுதான். முன்பக்கம் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள், பின்பக்கம் 11 முதல் 32 பல் வரை உள்ள கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு. வாட்சப்பில் இதை எழுதியே கேட்டேன். ‘உண்டு அண்ணாச்சி, 50-34 தான், முழு 105 செட்டு, பெட்டி பிரிக்காத புது வண்டி’ என்று தமிழிலேயே பதில் வந்தது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் ரோடு பாகங்களில் கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று வரிசை உண்டு என்பதும், 105 அதில் நல்ல நடுத்தரத்துக்கு மேலானது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தபடியால், அந்த எண்ணைக் கேட்டதும் மனம் குளிர்ந்துவிட்டது. மற்ற எல்லாக் கேள்விகளையும் அந்த ஒரு எண் விழுங்கிவிட்டது என்று இப்போது புரிகிறது.

வண்டியை எடுக்க நண்பரின் ஆம்னி வேனில் போனோம். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னதற்கு, பிரித்தால் மறுபடியும் கட்ட ஒரு மணி நேரமாகும், இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமே என்று எங்கள் நன்மைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். விலை 80,500 என்றும், பில் வேண்டாம் என்றால் ஆறாயிரம் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஏலக்காய்க் கடையில் இருபது ஆண்டுகளாக அதுதான் வேலை. சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்ட நிலையில், 80,500 ரூபாயில் வரி நாலாயிரத்தைக்கூட எட்டாது. நாலாயிரம் வரியை மிச்சம் பிடிக்க ஒரு வியாபாரி ஆறாயிரத்தை ஏன் விட்டுக்கொடுக்கிறார் என்ற கேள்வி எனக்குத்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும். பில் இல்லையென்றால் என்ன பொருள் விற்றோம் என்ற விவரமும் இல்லை. அவர் விலை கொடுத்து வாங்கியது அந்த வெற்றிடத்தைத்தான். என் கைக்கு வந்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டு. அதில் ‘ரோடு சைக்கிள் – 105 – 1’ என்று எழுதியிருந்தது.

முதல் வாரம் சமதளத்தில் ஓட்டினேன். தேவாரம் சாலையில் வண்டி பறந்தது. வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி ஏறத் தொடங்கினேன். அங்கிருந்து பதினேழு கொண்டைஊசி வளைவுகள். போடியிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேண்டும். இன்னும் ஒரு கியர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே மேலும் மேலும் லீவரை அழுத்தினேன், மாறுவதற்கு வேறு கியர் இல்லை. மூன்றாவது வளைவில் நின்றேன், ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டேன். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. ஒரு ஜீப்பிலிருந்து ஓர் அக்கா, ‘என்னண்ணே, சைக்கிளு மக்கர் பண்ணுதா?’ என்று கேட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன். சைக்கிள் மக்கர் செய்யவில்லை என்பது உண்மைதான்.

அங்கேயே உட்கார்ந்து பல்லை எண்ணினேன். முன்பக்கச் சிறிய சக்கரத்தில் 39, பெரியதில் 53. பின்பக்கத்தின் மிகப்பெரிய சக்கரத்தில் 25. எண்ணவே வேண்டியதில்லை, சக்கரத்தின் மேலேயே சிறிய எழுத்தில் பொறித்திருந்தது. பார்க்காமல் இருந்தது என் குற்றம்.

இந்த எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கை விரித்துச் சொல்கிறேன். முன்பக்கப் பல்லைப் பின்பக்கப் பல்லால் வகுத்தால், பெடலை ஒரு முறை சுற்றும்போது பின் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது கிடைக்கும். 39-ஐ 25-ஆல் வகுத்தால் 1.56. என் வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் உருளும். ஆகவே பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 3.28 மீட்டர் நகர்ந்தாக வேண்டும். நான் கேட்ட 34-க்கு 32 என்றால் 1.06, அதாவது 2.23 மீட்டர்தான். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால், கேட்ட கியரில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். கிடைத்த கியரில் ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால்தான் அதே அறுபது சுற்று வரும். நானும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. ஆறு சதவீதச் சரிவில் எட்டு கிலோமீட்டர் வேகத்துக்கு, எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 111 வாட் தேவை. பன்னிரண்டுக்கு அது 165-ஐத் தாண்டும். நாற்பத்தேழு வயதில், நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து பேரேடு எழுதும் என் கால்கள் அதை ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து கொடுக்காது. கொடுக்க முடியாதபோது சுற்று நாற்பதுக்கும் கீழே இறங்குகிறது, முழுச் சுமையும் முழங்கால் மூட்டில் விழுகிறது. 53-39 கெட்ட பொருள் அன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமதளச் சாலையில் வேகமாக ஓட்டுபவருக்கு அது பிடித்தே போகும். ஆனால் வாசலைத் தாண்டினால் மலை நிற்கும் ஊர்க்காரனுக்கு, தெரிந்தே பொய் சொல்லி அதைக் கொடுத்தது மோசடி.

சரி, முன்பக்கச் சிறிய சக்கரத்தை மட்டும் கழற்றி 34 பல் போட்டுக்கொள்ளலாமே என்று எண்ணித் தேனியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியைத் தொங்கவிட்டுப் பார்த்த அரை மணி நேரத்தில் ‘முழு 105’ முழுவதும் கலைந்தது. பெடலையும் முன்பக்கப் பல்சக்கரங்களையும் தாங்கும் கிராங்கில், அந்தச் சக்கரங்களை மாட்டும் ஐந்து கைகள் இருந்தன. அவற்றின் ஆணித் துளைகள் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை. அந்த வட்டத்தில் 38 பல்லுக்குக் குறைந்த சக்கரம் உட்காராது. 34 வேண்டுமென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும். 2014-இல் வந்த 5800 வரிசை 105-இன் கிராங்க் நான்கு கைகளும் 110 மில்லிமீட்டர் வட்டமும் கொண்டது. அதில் 53-39-ம் பொருந்தும், 50-34-ம் பொருந்தும். எனக்குக் கிடைத்தது அதுவன்று. கியர் லீவர்களும், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பின் டீரெயிலரும் மட்டும் மெய்யான 105. கேசட், செயின், பிரேக் எல்லாம் பெயர் தெரியாதவை. அந்த டீரெயிலரும், செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையாக உள்ள வகை. பின்பக்கம் 28 பல்லுக்கு மேல் போட்டால் ஷிமானோவின் அளவைத் தாண்டிவிடும். 32 பல் வேண்டுமென்றால் நீளக் கூண்டு உள்ள வகைக்கு மாற வேண்டும்.

‘அண்ணே, இது புது வண்டியே இல்லையே’ என்று அவர் டீரெயிலரின் உட்புறத்தைத் துடைத்துக் காட்டினார். அங்கே இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தன: என் (N), எச் (H). ஷிமானோ பாகங்களில் முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது எழுத்து மாதம். 2002-ஐ ஏ (A) என்று வைத்து ஆங்கில அகரவரிசையில் எண்ணிக்கொண்டே வந்தால் ‘என்’ என்பது 2015, ‘எச்’ ஆகஸ்ட். பெட்டி பிரிக்காத புது வண்டியில் பத்தாண்டு பழைய டீரெயிலர். செயின் தேய்ந்திருந்ததை அளவுகோல் வைத்துக் காட்டினார். பின் ரிம்மில் கோட்டம் எடுத்த தடமும் இருந்தது. யாரோ ஒருவர் நன்றாக ஓட்டிக் கழித்த வண்டிக்குப் பெயின்ட் துடைத்து, மிச்சமிருந்த பாகங்களைக் கோத்து, 105 என்ற இரண்டு பாகங்களின் பேரில் எனக்கு விற்றிருக்கிறார்கள்.

திருத்துவதற்கு ஆன செலவு: கிராங்கும் அதன் பேரிங்கும் 9,200, டீரெயிலர் 4,300, கேசட் 3,900, செயின் 2,100, கூலி 800. ஆக 20,300 ரூபாய். பிரேக்கை அடுத்த மாதம் மாற்றச் சொல்லியிருக்கிறார். பதினேழு வளைவுகளில் இறங்க வேண்டியவன் அதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதால் அதுவரை மலைக்குப் போகவில்லை. இந்தப் பணத்தையெல்லாம் கூட்டினால், பில்லோடு, ஒரே வரிசைப் பாகங்களோடு, 50-34-ம் 11-32-ம் பொருத்திய ஒரு நல்ல டியாக்ரா அல்லது சோரா வண்டி வந்திருக்கும். எட்டு கியர் கிளாரிஸ்கூட எங்கள் மலைக்குப் போதும் என்பது இப்போது என் கருத்து. கியர்களின் எண்ணிக்கை கூடினால் இடைவெளி நெருக்கமாகும், மாற்றுவது மென்மையாகும். ஏறுவதைத் தீர்மானிப்பதோ அந்தக் கடைசிப் பல்சக்கரம்.

‘இலவசம்’ என்று கொடுத்த சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பதாயிரம் மதிப்பு என்று தந்த பையில் ஒரு ஹெல்மெட், பஞ்சு வைத்த கால்சட்டை, பெடல் இருந்தன. ஷூவை மட்டும் 4,500-க்கு அவரிடமே வாங்கினேன். ஷூவின் அடியில் மூன்று துளைகள். பெடலோ இரண்டு துளைக் கிளீட்டுக்கு, அதாவது ஷூவைப் பெடலில் பூட்டும் அடிக்கட்டைக்கு, உரியது. இரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேராது. ஹெல்மெட்டின் உள்ளே ஐரோப்பியத் தரமான இஎன் 1078 என்றோ, அமெரிக்காவின் சிபிஎஸ்சி என்றோ எந்த முத்திரையும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. அதை மகன் கேட்டும் கொடுக்கவில்லை, பரணில் போட்டிருக்கிறேன்.

கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ‘மலை ஏற ஏறப் பழகிடும் அண்ணாச்சி’ என்றார். படங்களை அனுப்பிய பிறகு குரல் மாறியது. எஸ்டிமேட்டின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினார். பின்னர் ஒரு நாள் அவராகவே அழைத்து, 105-ஐவிட உயர்ந்த அல்டெக்ரா 6800 கிராங்க் ஒன்றை, 50-34 பல்லோடு, இலவசமாகத் தருகிறேன், இத்தோடு முடித்துக்கொள்வோம் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. பின்புறத்தின் படத்தைக் கேட்டு வாங்கித் தேனி மெக்கானிக்கிடம் காட்டினேன். 2012 ஜூனுக்கும் 2019 ஜூனுக்கும் இடையில் தயாரான சில அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகளில் ஒட்டுப்பகுதி பிரிந்துவிடக்கூடும் என்று 2023 செப்டம்பரில் ஷிமானோவே அறிவித்து, சோதித்துப் பார்த்து மாற்றித்தரும் ஏற்பாட்டைச் செய்தது. 6800 அந்தப் பட்டியலில் உண்டு. படத்தில் இருந்த எழுத்துகளும் அந்தக் காலத்துக்குள்ளேயே விழுந்தன. அது பழுதான கிராங்க் என்று நான் சொல்லவில்லை. சோதித்ததற்கு ஏதேனும் சான்று உண்டா என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் எண்ணை அவர் தடை செய்துவிட்டார். பழைய அல்டெக்ரா மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் கிராங்கின் பின்புறத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கடை வேறு மாநிலத்தில் இருப்பதால் அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று எங்கள் ஊரில் பலரும் சொன்னார்கள். அது சரியன்று. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன, துண்டுச்சீட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடைக்காரர் பதில் தராததால் தேனி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்தேன். பில் இல்லாதது எனக்குப் பலவீனம்தான். ஆனால் ‘50-34 தான்’ என்ற வாட்சப் பதிலும், அவர் கணக்குக்கு யுபிஐ மூலம் போன 74,500 ரூபாயும் இருக்கின்றன. இவையும் இல்லாவிட்டால் என் கையில் எதுவும் இருந்திருக்காது. ஆகவே விலை பேசும்போது முன் பல், பின் பல், ஒவ்வொரு பாகத்தின் மாதிரி எண் ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே எண்களைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் பெட்டியைத் தூக்காதீர்கள்.

கழற்றிய 53-39 கிராங்கைப் பழைய இரும்புக்குப் போடப் போனவனை மெக்கானிக்தான் தடுத்தார். அது இப்போது செய்தித்தாளில் சுற்றி, கழற்றிய தேதியும் அவர் கையெழுத்தும் இட்ட சீட்டோடு, மனுவின் நகல் இருக்கும் அதே பெட்டியில் இருக்கிறது. விசாரணைக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை.